ஜப்பான்காரனிடம் வாங்கிய மைக்

பதினைந்து வயதுப் பெண்பிள்ளையை ராப் பாட்டுக் கேட்கத் தனியே அனுப்ப நான் என்ன விசரியா? மகளோடு படித்த ஜப்பான் பிள்ளையொன்று டிக்கெட் கொடுத்திருந்தது. தங்கள் நாட்டுப் பாடகன் ரொறன்ரோவுக்கு வருகிறானாம், ஞாயிறு பின்னேரமாம், பள்ளிப் பிள்ளைகளும் போகலாமாம். மகள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், நானும் வந்தால்தான் போகலாம் என்றேன். மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். சரி என்றுவிட்டாள்.

நாங்கள் அப்போது இருந்த டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போனோம். கிளப் நிலத்துக்குக் கீழே இருந்தது. எங்கள் அபார்ட்மென்டை விடக் கொஞ்சம் பெரிய இடம். அதற்குள் அவ்வளவு சனம். ஜன்னல் இல்லை. வாசலும் ஒன்றுதான். நான் எங்கே போனாலும் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன்.

மகள் என் கோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். கோட்டுகளை வாங்கி வைக்க வாசலடியில் ஒரு ஆள் இருந்ததாம்.

"இதிலையே நில்லுங்கோ அம்மா. நான் உடனை வாறன்."

அவளுடைய அப்பா கடைசியாக என்னிடம் சொன்னதும் அதுதான். வவுனியா பஸ் நிலையத்தில், கைக்குழந்தையோடு என்னை நிற்கவைத்துவிட்டுச் சோடா வாங்கப் போனவர். இருட்டும்வரை நின்றேன். அதன் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அப்பா காணாமல் போனார் என்று மகளுக்குத் தெரியும். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று தெரியாது. நான் சொன்னதில்லை.

சட்டென்று விளக்குகள் அணைந்தன. சனம் ஓவென்று கத்தியது. ஸ்பீக்கர் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. தொப்பி போட்ட மெலிந்த பெடியன் ஒருவன் மேடையில் துள்ளித் துள்ளி, மூச்சு விடாமல் ஜப்பான் மொழியில் பொரிந்து தள்ளினான். யாருக்கு வேண்டும் அவன் பாட்டு? நான் மகளைத் தேடினேன். எல்லாத் தலையும் கறுப்பு, எல்லாச் சட்டையும் கறுப்பு. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, அவளைக் காணவில்லை. இந்த முறையும் சொன்ன இடத்திலேயே நிற்கிறேனே, நாசமாய்ப் போன புத்தி என்று என்னையே திட்டினேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பிள்ளை தொலைந்தால் ஒலிபெருக்கிக்காரரிடம்தான் ஓடுவோம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். மேடை முழங்கால் உயரம்தான். சேலையைத் தூக்கிப் பிடித்து ஏறி, அந்தப் பெடியனிடம் கையை நீட்டினேன். என் முகத்தில் என்னத்தைக் கண்டானோ, பாட்டை நிறுத்தி மைக்கைத் தந்துவிட்டான். பின்னால் இசைத்தட்டுச் சுழற்றியவனும் கையை எடுத்தான்.

"பிள்ளை, அம்மா மேடையிலை நிக்கிறன். எங்கை நிண்டாலும் இஞ்சை வா."

சனம் இதுவும் பாட்டென்று நினைத்துக் கைகளை உயர்த்திக் கூவியது. திரும்பவும் சொன்னேன். குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. கூவல் அடங்கியது.

வாசல் பக்கமிருந்து அவள் வந்தாள். இரண்டு கோட்டும் இன்னும் கையில்தான் இருந்தன. அங்கே நீண்ட வரிசையாம், அவள் முறை வரவேயில்லையாம். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, என் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள்.

வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் இருந்துகொண்டு, அப்பா சொல்லிவிட்டுப் போனதை அவளுக்குச் சொன்னேன். உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. அவள் எழும்பவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, மிசிசாகாவில் வீடு. இன்றைக்கும் பார்க்கிங்கில் இருந்து கார் எடுத்துவரப் போவதென்றால்கூட என்னை வாசலில் நிற்கச் சொல்லமாட்டாள். "கூட வாங்கோ அம்மா" என்பாள். கொட்டுகிற பனியில், முழங்கால் நோவோடு, புறுபுறுத்துக்கொண்டே நானும் கூடப் போவேன்.