அழத் தெரியாத ஊரின் சினிமா

இந்த இங்கிலாந்து சினிமாவில் ஓர் உயிர் போனால், முதலில் நடக்கிற காரியம் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதுதான். கெட்டில் கொதிக்கிற வரைக்கும் காமிரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு புருஷனை இழந்தவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியே மழையைப் பார்ப்பாள். படம் முடிந்துவிடும். தொண்ணூறாம் வருஷ வாக்கில் இங்கே மகள் செல்வி வீட்டுக்கு வந்த நாள் முதல் மத்தியானந்தோறும் டெலிவிஷனில் இதையேதான் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஊமைத்தனத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் துரைமார் சண்டைக்குப் போய்ச் சாவார்கள். துரைசாணி உதட்டைக் கடித்துக்கொள்வாள். அப்புறம் செங்கல் வீட்டையும் ஆலைச் சங்கையும் காட்டினார்கள். ஏழை வீட்டுக்காரியாவது வாய்விட்டு அழுவாள் என்று நம்பினேன். அவளும் உதட்டைத்தான் கடித்தாள். கலர் வந்தது, மூடின ஆலை வந்தது, நம்மவர்களின் கடையும் சேலையும்கூட வந்துவிட்டன. அழுகை மட்டும் வரவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை விட்டதும் பெண்களெல்லாம் சேர்ந்து முதல் ஆட்டத்துக்குப் போவோம். திரையில் ஒரு தாய் செத்தால், பெண்கள் பக்கத்து அழுகையில் அடுத்த வசனம் யார் காதிலும் விழாது. அது பொய்ச் சாவுக்கு. நிஜச் சாவு வீட்டில் நான் ஒப்பாரி எடுத்தால்தான் ஊர்ச்சனம் பாடைத் தேரைத் தூக்கும். அப்படிப்பட்ட எனக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி தாயம்மா போய்விட்டாள் என்று போனில் சேதி வந்தபோது வாய் இல்லாமல் போயிற்று. விசாத் தகராறில் போக முடியவில்லை. மாரில் அடிக்கக் கையை ஓங்கினேன். செல்வி பிடித்துக்கொண்டாள். "சத்தம் போடாதம்மா, பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிட்டிருவான்." அந்த ஒப்பாரி தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அப்போதுதான் எங்கள் தெருவில் சினிமா எடுக்க வந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய கிழவி ஒருத்தி வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். டைரக்டர் இளவட்டம், குரல் எழும்பாத மனுஷன். அவன் முணுமுணுத்ததைச் செல்வி தமிழில் சொன்னாள்.

"சன்னலைப் பார்த்து நிக்கணுமாம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் போதுமாம்."

"ஒரு சொட்டா? கண்ணுக்கு மருந்தா ஊத்துதாக? ஏட்டி, எறந்தது யாராம்?"

"கதையில ஒம் மகன்."

"பெத்த மகனுக்கு ஒரு சொட்டா! இவன் ஆத்தா இவனுக்கு எம்புட்டு ஊத்துவாளாம், கேளு."

செல்வி கேட்கவில்லை. விளக்கைப் போட்டார்கள். சன்னலுக்கு வெளியே மழை. நான் கதை மகனைப் பார்க்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் மூச்சு வாங்க எனக்காகக் காத்து நிற்கிற தாயம்மாவைப் பார்த்தேன்.

"மலைக்கு வாரேன்னு சொன்னேனே தாயம்மா, மாலை கொண்டாந்து போடலையே தாயம்மா…"

மாரில் அடித்து அழுதேன். யாரும் நிறுத்தவில்லை. ஒலிப்பதிவுக்காரப் பெண் காதுமாட்டியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். டைரக்டர் என் கையைப் பிடித்து, "வொண்டர்ஃபுல்" என்றான். தங்கச்சிக்குச் சேர வேண்டியது மிஷினிலாவது சேர்ந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

படம் வந்ததும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். கெட்டில் கொதித்தது. நான் வந்தேன். சன்னலுக்கு வெளியேயிருந்து, மழைக் கண்ணாடி வழியாக என்னைக் காட்டினான். வாய் திறக்கிறது, கை மாரில் விழுகிறது, சத்தத்தைக் காணோம். மேலே பியானோ வாசிக்கிறான். என் தங்கச்சிக்கு எடுத்த ஒப்பாரியை வழித்தெடுத்துவிட்டு வெறும் வாயைக் காட்டுகிறான்.

"என்னம்மா, எங்க எந்திரிக்கே?" என்று செல்வி முந்தானையைப் பிடித்தாள்.

"அங்க வாய் மட்டும் கெடக்குல்லா. குரல் இங்கதான இருக்கு? விடுட்டி."

எழுந்து நின்று, திரையில் என் வாய் அசைந்ததற்குச் சரியாக எடுத்தேன். "மலைக்கு வாரேன்னு சொன்னேனே தாயம்மா…" இருட்டில் தலைகள் திரும்பின. "ஷ்" என்றார்கள். திரையில் வேறு காட்சி வந்துவிட்டது, நான் உட்காரவில்லை.