காலி அறையின் காற்று

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதில் மூன்று பாடம் கோட்டை விட்டவனுக்கு எழுத்து எதற்கு? ஆனால் போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ‘கிருமியற்ற காற்று’ என்று பலகை பார்த்தேன். அங்கேயே நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். போதவில்லை.

புனேயில் போபோடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் காற்றில் கிருமி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது லேப் அக்காவின் வேலை. வட்டத் தட்டில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைப்பார். அதில் விழுந்த கிருமி, சூட்டுப் பெட்டியில் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளரும்.

“என்னக்கா, ஃபலூடா ரெடியா?” என்பேன்.

“உனக்குன்னுதான் வெச்சிருக்கேன், ஸ்பூன் எடுத்துட்டு வா” என்பார்.

தட்டு வைக்க ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மருந்துப் புகை போட்டு, ஏசியை நிறுத்தி, ஆளையெல்லாம் வெளியேற்றிய பிறகுதான் வைக்க வேண்டும். ஒரு புள்ளிகூட வராது. அந்த ரிப்போர்ட்டைப் பெரிய டாக்டர் சட்டம் போட்டு மாட்டாத குறை. காலி அறையில் யார் வயிற்றை அறுக்கிறார்களாம்?

என் நண்பனின் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. கூட்டி வந்தவன் நான். பத்து நாளில் தையலில் சீழ். பிரித்தார்கள், தைத்தார்கள், மறுபடி சீழ். ஃபேக்டரி லேத்தில் முப்பது வருஷம் நின்ற மனிதர், புரண்டு படுக்க முடியாமல் குழந்தை மாதிரி அழுதார்.

அக்கா அந்த அழுகையைக் கேட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓடுகிற ஏசிக்குக் கீழே தட்டை வைத்தார். இரண்டு நாள் கழித்து அதில் புள்ளி வைக்க இடமில்லை. மஞ்சளும் வெள்ளையுமாக ரவையைக் கொட்டியது போல. கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தார்.

டாக்டர் தட்டைப் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிட்டு ஃபில்டரைக் கழுவினாயா என்று இந்தியில் கேட்டார். “ஃபில்டர் தோயா க்யா?”

நாலு மாதமாக அந்த ஏசியை நான் திறக்கவே இல்லை. தியேட்டரில் எப்போதும் கூட்டம், ஞாயிறு எனக்கு கிரிக்கெட். ஏசிப் பராமரிப்புக் கார்டில் மட்டும் ‘கழுவியது’ என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

“தோயா, சாப்” என்றேன்.

அப்படியானால் அக்காவின் கைதான் அசுத்தம் என்று முடிவாயிற்று. தட்டு குப்பைக்குப் போனது. மாதக் கடைசியில் அக்காவையும் அனுப்பிவிட்டார்கள்.

“எப்பவும் வாய் கிழியப் பேசுவியேடா,” என்றார் படியிறங்கும்போது. “இன்னிக்கு என்ன ஆச்சு?”

சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. அந்த டாக்டரை என்ன செய்யத் தோன்றுகிறது என்பதை அச்சில் எழுத முடியாது. அடுத்த மாதமும் ஒரு ஞாயிறு புகை போட்டார்கள், பூட்டினார்கள், தட்டு வைத்தார்கள். சுத்தமோ சுத்தம். நண்பனின் அப்பா அதன்பிறகு லேத் பக்கமே போகவில்லை.

நண்பன் இப்போது ஹிஞ்சேவாடியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். நேற்று போனில் இதை முழுசாகப் படித்துக் காட்டினேன். ஃபில்டர் விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான்:

“அப்பா வீட்லதான்டா இருக்காரு, நேர்ல வந்து அவருக்குப் படிச்சுக் காட்டு.”