செவுத்துக்கு தண்ணி ஊத்துனவ

தங்கவயல் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்குது எங்க மெத்தடிஸ்ட் கோயிலு. நான் இப்ப பெங்களூர்ல, ஜீவனஹள்ளியில மவன் வூட்ல கெடக்குறேன். ஆனாலும் அந்தக் கோயிலு கட்டுன கதய கேக்கணும்னா என்கிட்டதான் வரணும். மத்தவங்கல்லாம் மேல போயிட்டாங்க. மிச்சம் நானும் என் கூட்டாளி ஒருத்தியும்தான். அவ ரிச்சர்ட்ஸ் டவுன்ல மவ வூட்ல இருக்கா.

கோயிலுக்கு ஜூபிலி வருது, மலர் புஸ்தகம் போடப்போறோம்னு கமிட்டி ஆளு ஒருத்தரு வந்து நான் பேசப்பேச போன்லயே புடிச்சிக்கினாரு. நாலாங்கிளாஸ தாண்டாதவள ஒக்கார வெச்சி கத கேட்டா வாய் சும்மா இருக்குமா? கல்லு தூக்குன கத, அப்ப இருந்த பாஸ்டரு ஏணியிலேர்ந்து வழுக்குன கத எல்லாம் அவுத்து வுட்டேன். உங்க கூட்டாளி என்னா வேல செஞ்சாங்கன்னு கேட்டாரு.

"அவளா? செவுத்துல சாஞ்சி தூங்குனா. அவ முட்டு குடுத்ததாலதான் செவுறு இன்னும் வுழல"ன்னேன். அவரு வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. எனக்கும் குளுகுளுன்னு இருந்துச்சி.

நெசம் என்னான்னா, புதுச் செவுத்துக்கு தெனம் ரெண்டு வேள தண்ணி ஊத்தணும், இல்லன்னா வெடிச்சிரும். அது நல்ல வெயில் காலம். ஆம்பளைங்க சுரங்கத்துக்கு ஷிப்டு போயிருவாங்க. நாங்க சனிக்கெழம மட்டும் போயி நாலு கல்லு தூக்கிட்டு போட்டோவுக்கு நிப்போம். அவ ஒருத்திதான் பள்ளத்துக் கெணத்துலேர்ந்து தெனம் கொடங்கொடமா மேட்டுக்கு ஏத்துனா. சும்மாடு வெச்ச எடத்துல முடி கொட்டிப்போச்சு. அதுக்கும் கிண்டல் பண்ணியிருக்கேன். அந்த செவுத்துல இன்னிக்கி வரைக்கும் ஒரு விரிசலு கெடயாது.

மலர் வந்துச்சி. நான் சொன்னத அப்படியே அச்சடிச்சிருந்தாங்க, அவ போட்டோவுக்கு கீழ.

மறுநாளு அவ போன் பண்ணா. சண்ட போடல.

"ஏன்க்கா, நான் தூங்கிக்கினா இருந்தேன்? பேரப்புள்ள படிச்சிட்டு கேக்குது."

மன்னிச்சிக்கடின்னு சொல்ல வேண்டிய வாயி. "கொறட்ட வுட்டத நான் சொல்லல பாரு"ன்னேன். போன வெச்சிட்டா.

அவ செஞ்சது வேற எங்கயும் எழுதி வெக்கல. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அவ தூங்குனதுதான் நிக்கும். ஜூபிலி அன்னிக்கி சாட்சி சொல்ற நேரத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிரணும்னு காலைல ரயில புடிச்சேன். அவளும் மவளோட முன் பெஞ்சில இருந்தா. என்ன பாக்கல.

நான் எழுந்தேன். வாயே தொறக்கல, மலர படிச்சவங்க சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவ தூங்கல, தெனம் தண்ணி ஊத்துனவ அவதான்னு சொன்னேன். சிரிச்சாங்க. நான்தான் பொய் சொன்னேன்னேன். இன்னும் சிரிச்சாங்க. கிண்டல் இல்லய்யான்னு கைய கூப்புனேன். பாஸ்டரே சிரிச்சி சிரிச்சி கண்ண தொடச்சிக்கினாரு.

அவ மவ தோள புடிச்சி எழுந்து, நடுவழியா மெதுவா வெளிய போனா. நான் நின்னுக்கினே இருந்தேன். பின்னாடியிருந்து யாரோ, "சூப்பர் பாட்டி"ன்னாங்க.