முத்துலெட்சுமி அக்கா விழுந்த ஓட்டம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நமுனுகுலவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர் வாசலில் நின்றார். முத்துலெட்சுமி அக்காவுடைய கணவரின் தம்பி. "டீச்சர், அண்ணி போயிட்டாங்க. நேத்து கொழுந்து எடுக்கையில நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க. அவ்வளவுதான்" என்றார்.

அக்காவுக்கு முப்பத்துமூன்று வயது. அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறிந்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரியாது. அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் இருந்தோம், ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன், ஃபெக்டரி ரோட்டில் வெறுங்காலோடு ஓடுவோம். அக்காதான் எப்போதும் முன்னால். நான் அவருடைய முதுகைப் பார்த்தே ஓடப் பழகியவள். அந்த முதுகு எனக்கு மெல்ல மெல்ல வெறுத்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் தோட்டங்களுக்கிடையிலான போட்டி பதுளையில் நடந்தது. பெண்களுக்கு எண்ணூறு மீட்டர், மைதானத்தை இரண்டு சுற்று. முதலில் வருபவர் கொழும்பில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். அக்காதான் ஜெயிப்பார் என்று எங்கள் தோட்டமே லொறியில் ஏறி வந்திருந்தது.

அக்கா வெடிச்சத்தம் கேட்டதும் பாய்ந்தார். முதல் சுற்றில் யாரும் அவரை நெருங்கவில்லை. இரண்டாவது சுற்றின் வளைவில் நான் அவருக்குப் பின்னால் ஒட்டி வந்தேன். உள்பக்கமாக நுழையப் பார்த்தேன். என் கால் அவருடைய குதிகாலை மிதித்தது. அக்கா முகம் குப்புற விழுந்தார். நான் நிற்கவில்லை.

நான் மூன்றாவதாக வந்தேன். அக்கா எழுந்து, முழங்காலில் இரத்தம் வழிய, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். மிதித்ததை யாரும் பார்க்கவில்லை.

திரும்பும் லொறியில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஏற்றத்தில் வண்டி திணறியபோது எங்களை வேலை வாங்கும் கங்காணிதான் பேச்சை ஆரம்பித்தார். "ஒரு லொறி சனம் வேலையப் போட்டுட்டு வந்துச்சு. இதுக்கா?"

"எப்புடிம்மா விழுந்த?" என்று அக்காவின் அப்பா கேட்டார்.

மூன்றாம் பரிசாகக் கிடைத்து மடியிலிருந்த சின்னக் கோப்பையை முந்தானையால் மூடிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "கால் தடுக்கிருச்சுப்பா" என்றார்.

மறுநாள் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றார். கேலி பேசியவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை. பக்கத்து நிரையில் அவர் கொழுந்து கிள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். எட்டு நாட்கள் அப்படியே போயின. ஒன்பதாம் நாள் மழைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கி நின்றபோது நானே சொன்னேன்.

"அக்கா, நான்தான் மிதிச்சேன்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவர் கூடையைக் கீழே இறக்கி வைத்தார். "மொத ரவுண்டுலயே எனக்கு மூச்சு போயிருச்சு சாந்தி. சனத்தப் பாத்ததும் தலகால் தெரியாம ஓடிட்டேன். நீ மிதிக்கலைன்னாலும் நான் செயிச்சிருக்க மாட்டேன். ஒன்மேல பழியப் போட்டா எனக்குச் சொகமாத்தான் இருக்கும். ரெண்டு நாள் போட்டும் பாத்தேன், மனசுக்குள்ள. நிக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன்னு மட்டும் கேக்குறேன். வேணும்னே மிதிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியலக்கா" என்றேன். உண்மை அதுதான்.

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "வா, ஓடலாம். ஆனா பின்னால வராத. பக்கத்துல ஓடு."

அடுத்த வருடப் போட்டியிலும் அவர் ஜெயிக்கவில்லை. நான்காவதாக வந்தார். முதல் சுற்றை அடக்கி ஓடினார். முடிவில் மூச்சு வாங்க, "இந்தத் தடவ ஓட்டம் என் கையில இருந்துச்சு" என்று சிரித்தார். கங்காணி அன்றும் முறைத்தார். அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் ஆசிரியையாகிப் பதுளைக்கு வந்த பிறகு, வருடத்துக்கு இரண்டு முறை சந்தித்தோம். அந்த நாளைப் பற்றி மீண்டும் பேசியதே இல்லை.

அடக்கத்தன்று அவருடைய கணவரிடம் கேட்டேன், பதுளையில் விழுந்தது பற்றி அக்கா என்ன சொல்லியிருக்கிறார் என்று. "கால் தடுக்கி விழுந்தேன்னு சொல்லுவா. வேற ஒன்னும் சொன்னதில்ல" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவர், "அவளே சொல்லாதத நீங்க எதுக்கு டீச்சர் சொல்றீங்க?" என்று கேட்டார்.

வேலைக்காட்டிலிருந்து நேராக வந்த பெண்கள் ரோட்டோரம் கூடைகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவராக மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன். ஈரமண், விரலைவிட்டு எளிதில் விழவில்லை.

போய் வாருங்கள், அக்கா.