எஞ்சின் தயாராகத்தான் இருந்தது

என் உடன்பிறந்த தம்பி செந்தூர் முருகன் திருவடியில் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. "அத்தை, நினைவு மலர் போடப் போறோம். அப்பாவைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று தம்பியின் மகள் வந்து கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பி எனக்கு ஏழு வயது இளையவர். ஆனாலும் தெய்வமாகிவிட்டவர் என்பதால் மரியாதையோடே எழுதுகிறேன்.

அவருடைய வாழ்க்கையை எழுதும்போது, அவர் தொழிலின்மேல் விழுந்த ஒரு பழியையும் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழி என்னால் வந்தது.

தம்பி பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் தேரிக்குள் உள்ள எங்கள் ஊரில். குடிதண்ணீருக்கே ஒரு மைல் நடக்க வேண்டும். அவருடைய ஐந்தாம் வயதில் அம்மா தவறினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி பம்பாய்க்குப் புறப்படும்போது, தம்பியை யார் வீட்டில் விடுவது என்று சொந்தபந்தமெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் கணவர்தான், "என்னத்துக்கு யோசிக்கிய? அவனுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார்கள். அந்த நல்ல மனதை நான் எந்தப் பிறவியிலும் மறக்கமாட்டேன்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தோம். தம்பி கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனார். பிறகு செம்பூரில் ஒரு லாரி கேரேஜில் சேர்ந்தார். எஞ்சினைக் கழற்றாமலே, ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வயதில் அவரை எல்லாரும் மிஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பீடி, சாராயம் எதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம் இருப்பார். நாங்கள் பார்த்து முடித்த செல்லக்கனியை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார். நான் சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை. அது பெருமை என்று அப்போது நினைத்திருந்தேன்.

டிராம்பேயில் கரையோரம் நின்ற ஒரு மோட்டார் படகுக்கு எஞ்சின் பார்க்க கேரேஜ் முதலாளி அவரை ஒருநாள் அனுப்பினார். மாலையில் இடுப்புவரை சேற்றோடு வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அக்கா, லாரி எஞ்சின் நின்னா இறங்கித் தள்ளலாம். தண்ணியில எஞ்சின்தான் உசுரு. மிஸ்திரிக்கு அங்கதான் மரியாதை."

"அதுக்கு?"

"ஒரு படகு வாங்கணும்க்கா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

டிராம்பேக்கு அப்பால் கடல் உள்ளே நுழைந்து ஆறு போலக் கிடக்கிறது. அக்கரையில் வாஷி, ஐரோலிப் பக்கமெல்லாம் அப்போதுதான் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பாலம் கிடையாது. ரயிலில் தாணா போய்ச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் படகு. கட்டிட வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர், தினமும் இருபது பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் திரும்பக் கூட்டிவர ஒரு மோட்டார் படகு தேடிக்கொண்டிருந்தார். இது தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

பழைய படகு ஒன்று பாண்டு காக்கா என்ற கோலி இன மீனவரிடம் இருந்தது. பம்பாயில் சித்தப்பா முறைக்குக் காக்கா என்பார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, ஆண்பிள்ளை இல்லை. பார்க்கப் போனபோது தம்பி என்னையும் கூட்டிப்போனார். ஓலை போட்டு மூடி, கரையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"இது படகா, மாட்டுத் தொட்டியா லே?" என்றேன்.

"சும்மா இரி அக்கா, காக்காவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்" என்றார் தம்பி.

பாண்டு காக்கா தாராவித் தமிழர்களோடு வியாபாரம் பண்ணியவர். "மாட்டுத் தொட்டி இல்லே பஹன், என் ரெண்டாவது பொண்டாட்டி" என்று என்னைத் தங்கச்சி முறை வைத்துத் தமிழிலேயே சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தம்பி ஒரு ஸ்பேனரின் முனையால் பலகை பலகையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று மறுபடி தட்டினார். "இது உளுத்துப் போச்சு காக்கா" என்றார். "நான் சொல்லாம இருந்தா கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்" என்றார் அவர். அந்த ஒரு பலகையை மாற்றித் தருவதாகப் பேச்சு முடிந்தது. தம்பி சேர்த்து வைத்திருந்ததும் செல்லக்கனியின் இரண்டு வளையலும் படகாயின. ஆடி பிறப்பதற்குள் அச்சாரம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படியே ஆனி முடிவதற்குள் கொடுத்தார்.

எஞ்சினைத் தனியாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மழை மாதம் முழுவதும் எங்கள் அறையில் அதுதான் கிடந்தது. நான் அரிசி களையும் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் சாமான்களை ஊறப்போட்டிருந்தார். கேம்பில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, கப்பல் எப்பம் புறப்படுது? எங்களுக்கும் ரெண்டு சீட்டுப் போட்டு வையும்!" என்று கேட்டார். "உமக்குச் சீட்டு இல்ல மாமா, நீரு நங்கூரத்துக்குத்தான் ஆவீரு" என்றார் தம்பி. அந்த மாதத்தில் அவர் சிரித்ததுபோல நான் பிறகு பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது.

மழைக்காலத்தில் கோலி மக்கள் படகை இறக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தேங்காய்ப் பௌர்ணமி என்று ஒரு நாள் உண்டு. அன்று கடலுக்குப் பூஜை செய்து, தேங்காயைத் தண்ணீரில் விட்டுப் படகு இறக்குவார்கள். கான்ட்ராக்டர் தம்பியிடம் சொல்லியிருந்தார்: "பௌர்ணமிக்கு மறுநாள் காலையில படகு ஜெட்டித் துறையில நிக்கணும். அன்னைக்கு யார் ஏத்துறானோ அவனுக்குத்தான் வருஷம் பூரா வேலை." அந்த வருஷம் அந்தப் பௌர்ணமி ஆடி மாதத்திலேயே விழுந்தது. ஆவணி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நான் காலண்டரைப் பார்த்துவிட்டு, கூடாது என்றேன்.

"அக்கா, படகுதான் ஆனியிலயே வாங்கியாச்சே?"

"வாங்கினது வேற, தொழில் தொடங்குதது வேற. ஆடியில யாராவது புதுசாத் தொழில் தொடங்குவாவளா?"

"காக்காவும் சாமி கும்பிட்டுத்தானக்கா இறக்குதாரு."

"அது அவ்வோ வழக்கம். நமக்கு நம்ம வழக்கம். தண்ணி மேல போற தொழிலு லே, எனக்கு இருக்கது நீ ஒருத்தன்."

என் கணவர்கூட, "அஞ்சு நாளுதான, விட்டுக் குடேன்" என்றார்கள். நான் அழுதேன். அம்மா இருந்தால் சம்மதிப்பாளா என்று கேட்டேன். அதைத் தம்பியால் தட்ட முடியாது என்று தெரிந்தேதான் கேட்டேன். கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தார். பிறகு, "சரிக்கா, ஆவணி ஒண்ணுக்கே வச்சுக்கிடுவோம்" என்றார்.

எஞ்சின் அதற்கு முன்பே படகில் ஏறிவிட்டது. கரையில் வைத்தே ஓட்டிக் காட்ட எங்களைக் கூப்பிட்டார், போயிருந்தோம். ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார், பிடித்துக்கொண்டது. என் கண்ணால் பார்த்தேன்.

ஆவணி முதல் நாள் சாயங்காலம் பூமாலை, சந்தனம், குங்குமத்தோடு போனோம். புது வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல வைக்க வேண்டும் என்று நான் பழம் கொண்டுபோயிருந்தேன். சக்கரம் இல்லையே என்று எல்லாரும் விழித்தோம். உருட்டுக் கட்டைக்கு அடியில் வைத்து, படகை அதன்மேல் தள்ளி இறக்கினார்கள். நல்ல நேரத்தில், நல்லபடியாக, முருகா முருகா என்று ஜெட்டிக்குப் போனோம்.

அங்கே வேறொரு படகிலிருந்து இருபது பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் எங்கள் மாலையையும் சந்தனத்தையும் பார்த்தார். தம்பியைத் தனியாக அழைத்து ஏதோ கேட்டார். தம்பியும் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, "வேற ஆளு கிடைச்சிட்டாங்கக்கா. பரவாயில்ல, படகு நம்மகிட்டதான இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் படகை வைத்திருந்தார். விறகு ஏற்றினார், காய்கறி ஏற்றினார், கல்யாணக் கூட்டம் ஏற்றினார். நிலையான வேலை மட்டும் அமையவில்லை. கேரேஜிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் படகின் அடியைச் சுரண்டிக் கீல் பூசினார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

தாராவியில் நம் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரியவர் எல்லார் காதிலும் விழும்படி, "லாரிக்கு மிஸ்திரி சரி, படகுக்கு எஞ்சின் கட்டத் தெரிய வேண்டாமா? சொன்ன நாளுக்கு எஞ்சின் ஓடலையாம்லா!" என்று சிரித்தார். பந்தியே சிரித்தது. நான் ரச வாளியோடு நாலு இலை தள்ளி நின்றேன். ஓடியது, நான்தான் தடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. தம்பி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அக்கா, இங்கன கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன். இந்தக் கதையை யார் கட்டிவிட்டார்களோ என்று மட்டும் மனதில் திட்டிக்கொண்டேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்தது. சயான் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். படகைக் கொடுத்துவிடச் சொன்னதும் அங்கே வைத்துத்தான். "வாங்குதவன்கிட்ட காக்கா மாத்தித் தந்த அந்தப் பலகையைப் பாத்துக்கிடச் சொல்லுங்க அத்தான்" என்று என் கணவரிடம் சொன்னார். முப்பத்தெட்டு வயதில், செவ்வாய்க்கிழமை காலையில், முருகன் அவரை அழைத்துக்கொண்டான்.

கருமாதி அன்று பாண்டு காக்கா வந்திருந்தார். சாப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் போய் உட்கார்ந்ததும், அன்று ஜெட்டியில் நடந்ததை, தம்பி தம்மிடம் சொல்லியிருந்தபடி சொன்னார். ஏன் ஐந்து நாள் வரவில்லை என்று கான்ட்ராக்டர் கேட்டபோது, "எஞ்சின் ரெடியாகவில்லை" என்று சொன்னது தம்பிதானாம். மறு வருஷம் அதே வேலைக்குத் தம்பி மறுபடி போய்க் கேட்டிருக்கிறார். "எஞ்சின் ரெடியாகலேன்னு சொன்ன ஆளுதானே நீ? நடுத் தண்ணியில நின்னா இருபது பேருக்கு யார் பதில் சொல்றது?" என்று அனுப்பிவிட்டாராம்.

"நான் அவனைத் திட்டினேன் பஹன். அக்கா நாள் பாத்தாங்கன்னு உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எஞ்சினைக் குறை சொன்னா எஞ்சின் வருத்தப்படாது காக்கான்னான்."

ஒரு மிஸ்திரிக்குத் தன் கைவேலையின் பெயரைவிட வேறு என்ன சொத்து உண்டு? அதைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பந்தியில் அவர் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடாதே என்று பார்த்திருக்கிறார். நானோ, சொல்லாமல் தப்பித்தேன் என்று நிம்மதியாக நின்றேன்.

மறுவாரம் என் கணவரோடு டிராம்பேக்குப் போய்க் கான்ட்ராக்டரைத் தேடிப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எந்தப் படகு, மா? எனக்கு நினைப்பில்லையே" என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவருக்கு மறந்துவிட்டது. நம் சொந்தத்தில் யாருக்கும் மறக்கவில்லை. போன மாதம்கூட ஒரு வீட்டில் தம்பி மகன் காதுபட அந்தப் பேச்சு வந்ததாம். அதனால்தான் அச்சில் எழுதுகிறேன். பௌர்ணமிக்கு முன்பே எஞ்சின் தயாராக இருந்தது. ஒரே சுற்றில் ஓடியது. தடுத்தது நான். ஆடி மாதத்தின்மேல் எனக்குக் குறையில்லை, தெய்வத்தின்மேலும் இல்லை. பயத்தில் என் பிடிவாதத்தைத் தெய்வத்தின் வாக்காக்கி அவர்மேல் வைத்தேன். முருகன் என்னை மன்னிக்கட்டும். தம்பி எப்போதோ மன்னித்துவிட்டார் என்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் மாறி மாறி உடனிருந்த கேம்புப் பிள்ளைகளுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மாமா குடும்பத்துக்கும், செல்லக்கனியின் கையில் தையல் வேலை கொடுத்து உதவும் திலக் நகர் அம்மாவுக்கும், கேரேஜ் முதலாளிக்கும், தோழர்களுக்கும், அஸ்தியைத் தம் சொந்தக்காரர் படகில் ஏற்றி, துடுப்பைத் தாமே பிடித்துக் கொண்டுபோய்க் கரைத்துவந்த பாண்டு காக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய வணக்கம்.

இதைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தம்பி பிள்ளைகள் முன்னால் அந்தப் படகைப் பற்றிப் பேச்சு வந்தால், எஞ்சின் ஓடவில்லை என்று சொல்லாதீர்கள். அக்காக்காரி ஓடவிடவில்லை என்று, என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஆறாத் துயருடன்,
அக்கா