கேண்டீன் பலகைக்கு ஒரு போற்றி

இந்த ஊரில் என் மகளை நான் இருட்டில்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். ஆறேகாலுக்கெல்லாம் வேன் வந்துவிடும். அந்த நேரத்தில் மலேசியாவின் இந்த யோங் பெங்கில் சூரியன் எழுந்திருக்காது, சேவல்கூட சந்தேகத்தோடுதான் கூவும். எங்கள் அறந்தாங்கிப் பக்கம் பிள்ளைகள் வெயில் ஏறியபிறகு, ஒன்பது மணிக்கு ஆடி அசைந்து போகும். இங்கே வானத்தில் நட்சத்திரம் இருக்கும்போதே கயல்விழிக்குப் பையை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, "பிள்ளையாரப்பா, நீ எழுந்திருச்சிருந்தா கூடப் போயிட்டு வா" என்று சொல்லி ஏற்றிவிடுகிறேன். "அக்கா, சாமியும் ஏறிட்டாரா? கதவ சாத்தலாமா?" என்பார் வேன் ஓட்டும் பாலன் அங்கிள். அவருக்கு என் பக்தியில் ஒரு விளையாட்டு.

நான் எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர், மூவாரில் செய்யும் நாற்காலி மேசைகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர். அவர் வீட்டில் இருப்பது குறைவு என்பதால் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சாயங்காலம் சாமி விளக்கு முன்னால் உட்காரவைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ராகம் கோயில் அர்ச்சனை ராகம். ஒரு வரி படித்தால் கடைசியில் இழுத்து, "போற்றி" வரப்போகிற மாதிரி நிறுத்துவேன். அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டில் பல்பொடி டப்பாவைப் படித்தால்கூட எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

முதலாம் ஆண்டில் சேர்த்து நாலு மாதம் ஆனபோது, அவளுடைய வகுப்பாசிரியை தேவி டீச்சர் போன் செய்தார். "அக்கா, உங்க மக கிளாஸ்ல வாயே திறக்க மாட்றா. வர்ற திங்கக்கிழமை வாசிப்புச் சோதனை. வாசிக்கலைன்னா குறைநீக்கல் வகுப்புக்குத்தான் அனுப்பணும். பின்தங்கின பிள்ளைங்களுக்குத் தனியா சொல்லித் தர்றது, தண்டன இல்ல லா, பயப்படாதீங்க."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஊமையா? மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். முதல் வாரமே, டீச்சர் வகுப்பில் இல்லாத நேரத்தில், புத்தகத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறாள், வகுப்பே சிரித்திருக்கிறது. "நான் படிச்சா கோயில் மைக் மாதிரி இருக்காம்மா" என்றாள். அப்படியானால் அவள் வாயைப் பூட்டியது நானேதான். ராகம் இல்லாமல் படித்துக் காட்டலாம் என்று புத்தகத்தை எடுத்தேன். இரண்டாவது வரியிலேயே மணி அடிக்காத குறை. வீட்டுக்காரர், "நான் சொல்லித் தர்றேன்" என்று வாங்கிப் படித்தார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது "வா, வா, வா, நிறுத்து" என்பாரே, அதே குரல். பிள்ளை போர்வைக்குள் போய்விட்டாள். "சரஸ்வதித் தாயே, இவ வாயத் திறந்துவிடு, ஒரு மாசம் காப்பி குடிக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று புரியும்.

அந்த வாரம்தான் பள்ளியிலிருந்து போனில் ஒரு மலாய்க் கடிதம் வந்தது. சனிக்கிழமை எல்லாப் பெற்றோரும் வரவேண்டுமாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "கோத்தோங் ரோயோங் லா. எல்லாரும் ஒன்னா சேந்து ஸ்கூலுக்குச் செய்யறது. நீயும் போ, நல்லது" என்றார். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன், நம் பக்கம் பெற்றோர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவது சேர்க்கிற அன்று ஒரு தரம், விழா என்றால் ஒரு தரம். மற்ற நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே, வெயிலில். எல்லாரும் சேர்ந்து செய்வது, நல்லது என்றால் நான் என்ன நினைப்பேன்? சோதனைக்கு முன்னால் சரஸ்வதி பூஜை வைக்கிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டினேன். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, சூடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்தேன். கயல் என் கையை உதறிவிட்டு கேண்டீன் பக்கம் ஓடிவிட்டாள்.

வாசல் காவலுக்கு இருக்கும் பெரியவரைப் பிள்ளைகள் பாக்சிக் என்பார்கள், மலாயில் மாமா என்ற மாதிரி. அவர் என் பட்டுப்புடவையையும் தட்டையும் பார்த்து, யாரோ பெரிய இடத்து அம்மா திறப்பு விழாவுக்கு வந்திருக்கிறார் என்று முடிவு செய்து, சலாம் வைத்து, முன்னால் நடந்து அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். நானும் இந்த நாட்டில் அம்மாமாருக்கு எவ்வளவு மரியாதை என்று மெய்சிலிர்த்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் அப்பாக்கள் புல் வெட்டுகிறார்கள், அம்மாக்கள் சாக்கடை தள்ளுகிறார்கள். பூஜைக்கு முன்னால் இடத்தைச் சுத்தம் செய்கிறார்கள் போல. அரைக்கால் சட்டையில் புல்வெட்டும் இயந்திரத்தோடு நின்ற ஒருவரிடம், "தம்பி, ஹெட்மாஸ்டர் எங்க?" என்றேன். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "நான்தாங்கம்மா. சொல்லுங்க" என்றார்.

கோத்தோங் ரோயோங் என்றால் கூட்டுத் துப்புரவு வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூமி பிளக்கவில்லை. தேங்காயை அவர் பணிவோடு வாங்கிக்கொண்டார். முகத்தில் நீலப் பெயிண்டோடு, டீ-சட்டை போட்ட ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து, "வாங்கக்கா, நீங்க ஏணியப் பிடிச்சுக்குங்க, அது போதும்" என்றாள். குரலை வைத்துத்தான் தேவி டீச்சர் என்று கண்டுபிடித்தேன். கேண்டீனின் வெளிச்சுவரில் அவர் ஏணிமேல் நின்று பெயிண்ட் அடிக்க, கீழே நான் பட்டுப்புடவையோடு தூண் மாதிரி நின்றேன்.

வாளியோடு வந்த பாக்சிக், நான் பெரிய இடம் இல்லை, வெறும் அம்மா என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். யாருடைய அம்மா என்று கேட்டார். சொன்னேன். முகமெல்லாம் பல்லாக, "ஓ! அனாக் கக்காக் பாஞாக் சாக்காப்!" என்றார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில் அது புரிந்தது. உங்கள் பிள்ளை ரொம்பப் பேசுகிறாள் என்கிறார்.

"புக்கான், பாக்சிக். புக்கான் அனாக் சாயா" என்றேன். இல்லை, அது என் பிள்ளை இல்லை.

"கயல்" என்றார் அவர்.

"புக்கான்!" பெற்ற பிள்ளையை நான் மூன்று தரம் இல்லை என்று சொன்னேன். மேலேயிருந்து டீச்சரும் எனக்குத் துணைக்கு வந்தார். "அந்தப் பிள்ள பேசாது பாக்சிக். வேற யாரையோ நெனச்சுக்கிட்டீங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னார். பாக்சிக் வாதாடவில்லை. உதட்டில் விரலை வைத்து, சுவரில் இருந்த கம்பி ஜன்னலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே, கேண்டீன் நடத்தும் லெட்சுமி அக்கா அன்றைய சாப்பாட்டைப் பலகையில் தமிழில் எழுதி முடித்திருந்தார். பாலன் அங்கிள் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். பாக்சிக் கயல் பக்கத்தில் போய், தனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார். என் மகள் எழுந்து நின்றாள். கையைக் கட்டினாள். முழு அர்ச்சனை ராகத்தில் ஆரம்பித்தாள்.

"இட்டிலியும் சாம்பாரும்..."

"போற்றி!" என்றார்கள் லெட்சுமி அக்காவும் பாலன் அங்கிளும் ஒரே குரலில்.

"செடாப்!" என்றார் பாக்சிக். ருசி என்று அர்த்தம். அது அவருடைய பங்கு.

"நாசி லெமாக் நெத்திலியுடன்..." "போற்றி!" "செடாப்!" "பொரித்த மீ, முட்டை தனி..." "போற்றி!" "செடாப்!"

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும், நூடுல்ஸ் ஆன மீக்கும்கூடப் போற்றி. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு. இருட்டில் வேன் கொண்டுவந்து விடும் பிள்ளை, மணி அடிக்கும்வரை தினமும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். தினமும் இந்தப் பூஜை நடந்திருக்கிறது.

அப்போது என் தோளில் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். தேவி டீச்சர் தூரிகையை நீட்டியபடி சிலையாக நின்றிருந்தார், கண் ஜன்னலில் இருந்தது. நீலம் சொட்டுச் சொட்டாக என் கூறைப்புடவை முந்தியில் இறங்குகிறது. "டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உள்ளே அவள் இன்னும் முடிக்கவில்லை, பயறுக் கஞ்சியில் இருக்கிறாள். நான் அசைந்தால் அவள் திரும்புவாள், திரும்பினால் டீச்சரைப் பார்ப்பாள், பார்த்தால் வாய் மூடும். அசையாமல் நின்றேன். கோயிலில் அபிஷேகம் எப்படி ஆகும் என்று சாமிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கும் தெரிந்தது.

பலகை முடிந்ததும் லெட்சுமி அக்காவிடம் ஓடினேன். "இவ படிப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"நீங்க யாரும் கேக்கவே இல்லையே" என்றார் அவர், கரண்டியை நிறுத்தாமல். "நாங்க என்ன டீச்சரா? நான் மீ பெரட்டறவ."

திங்கள்கிழமை வாசிப்புச் சோதனை கேண்டீனில் நடந்தது. பலகை தொங்கும் ஆணியில் டீச்சர் புத்தகப் பக்கத்தைப் பெரிதாக எழுதி மாட்டிவிட்டு, தேத்தண்ணி வாங்க வந்தவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொண்டாராம். கதையில் வந்த முயலுக்கும் ஆமைக்கும் போற்றி சொன்னார்களா என்று கேட்டேன். ஆமை தன் மதத்தில் சாப்பிடக்கூடாதது என்று அதற்கு மட்டும் பாக்சிக் செடாப் சொல்ல மறுத்துவிட்டாராம். குறைநீக்கல் வகுப்பு என்ற பேச்சு அதோடு நின்றது. வகுப்பில் அவள் பேச ஆரம்பிக்க இன்னும் மூன்று வாரம் ஆனது, அதுவும் முதலில் ஜன்னலைப் பார்த்துத்தான். நான் ஒரு மாதம் காப்பி இல்லாமல் தலைவலியோடு கிடந்தேன். சரஸ்வதி எந்த உடுப்பில் வருவாள் என்று நமக்கென்ன தெரியும்? காவல்காரர் தொப்பியிலும் வரலாம், கரண்டியோடும் வரலாம். வாக்கு வாக்குதான்.

பிறகு பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனோம். நான் எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டக் கயலைக் கூட்டிப் போனேன். கூறைப்புடவைதான் கட்டியிருந்தேன், நீலம் போகவே இல்லை. கேட் பூட்டியிருந்தது. வெளியே அம்மாமார் வெயிலில் நின்றார்கள். என் கால்களும் பழக்கத்தில் அவர்கள் வரிசையில் போய் நின்றன. கயல் நிற்கவில்லை. நேரே வாட்ச்மேனிடம் போனாள். உள்ளே சுவரில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் பெயிண்டில் எழுதியிருந்தது. "பாக்சிக், நான் படிக்கட்டா?" என்றாள். அவர் விழிப்பதற்குள் கையைக் கட்டி ஆரம்பித்துவிட்டாள்.

"திங்கட்கிழமை, காய்கறி சாதம்..."

அம்மாமார் எல்லாரும் திரும்பினார்கள். நான் கேட்டை நோக்கி ஓடினேன். வாசல் வந்ததும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டேன், உள்ளே விடமாட்டார்கள் என்பது நினைவு வந்து இன்னொன்றைக் கழற்றவில்லை. "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன். நான் பிறந்த ஊரில், நான் படித்த வாசலில். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கயல், "மிளகுத் தூள் முட்டை..." என்று இழுத்து நிறுத்திவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள். ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் சுடுமண்ணிலுமாக நின்றுகொண்டு, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, "செடாப்!" என்றேன்.