கணவாய்க்கு வாடகை ஓடு

காலை ஏழு மணிக்கு அச்சரப்பாக்கத்தில் பஸ் ஏறியபோது நான் ஒரு வாய் இட்லிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. வயிற்றை அபலோனுக்காகக் காலியாக வைத்திருந்தேன். அது பாறையில் ஒட்டி வாழும் ஒரு கடல் நத்தை. காது மடல் போல ஒற்றை ஓடு, ஓரத்தில் மூச்சுவிட வரிசையாகத் துளைகள், உள்பக்கம் மயில்கழுத்து மினுமினுப்பு. நம் கரையில் வலையில் விழுகிற சரக்கு இல்லை. வெளிநாட்டில் அது இல்லாமல் விருந்தே கிடையாது என்று என் சித்தப்பா மகன் தனசேகர் சொல்லுவான்.

தனசேகர் பல வருடம் கப்பல் சமையலறையில் இருந்தவன். இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் மாஸ்டர். அங்கே அபலோன் வந்துவிட்டதென்று, அவன் படம் போட்டே சாலையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். யாரோ போனில் அனுப்பித்தான் எனக்குத் தெரிந்தது. அவன் என்னிடம் மூச்சுவிடவில்லை. முதல் கோபம் அதுதான்.

செங்கல்பட்டில் பஸ் மாறினேன். திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கிவிட, பாதி பஸ் காலி. அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர். அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரிசார்ட்டுக்குப் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

"அந்த ரிசார்ட்ல துன்றதுக்கா போற அண்ணாத்த?" என்றார் டிரைவர். "பேங்கையும் கூடவே இட்டாந்துகீறியா?"

ஒரு தட்டு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்டர் சொன்னேன். கல் உப்பின் மேல் ஓடு, ஓட்டில் சதை, மேலே கொத்தமல்லி. ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. கணவாய் மீன்! கண்ணைக் கட்டிவிட்டாலும் கணவாய் எனக்குத் தெரியாதா? ஓட்டைத் திருப்பினேன். துளைகளில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு காய்ந்திருந்தது. விளிம்பில் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்த உடைசல் எனக்குப் பழக்கம். தனசேகர் வீட்டு ஷோகேஸில் இருந்த ஓடுகளில் ஒன்று அது, கப்பலில் போனபோது அவன் சேர்த்துக்கொண்டு வந்தது.

நான் போட்ட சத்தத்தில் மேனேஜர் ஓடிவந்தார். பின்னாலேயே தனசேகர்.

"கத்தாதண்ணா. அழகுக்கு வெக்கறோம்னு ஓட்ட கேட்டாங்க, குட்தேன். மறாநாளே கணவாய வெட்டி அதுல வெக்கச் சொல்லிட்டாங்க. நெஜ சரக்கு வந்துகினு கீதுன்னாங்க. வரவேயில்ல."

"நீ ஏன்டா வெச்ச?"

"இந்த வயசுல வேற எவன்ணா வேல குடுப்பான்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணவாய்க்கு என்ன குறைச்சல்? கணவாய் என்றே எழுதி விற்றால் வாங்க மாட்டார்களா? "நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சுக் கேட்டா யார் பதில் சொல்றது?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "மாஸ்டர்தான் சார். சமைக்கறது அவரு. போர்டுல இருக்கறதும் அவரு மூஞ்சிதானே?"

தனசேகர் அவரையே பார்த்தான். பிறகு உள்ளே போனான். ஈரம் சொட்டும் தன் ஓடுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு, தன் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தொப்பியை என் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தான்.

அதே ஆட்டோ வாசலிலேயே நின்றது. மெயின் ரோடு திருப்பத்தில் நிறுத்தச் சொன்னான் தனசேகர். இறங்கிப்போய் ஃபிளெக்ஸில் தன் முகத்தை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்தான். எட்டிப் பிடிக்கக் கம்பத்தை நான் சாய்த்துக் கொடுத்தேன்.

"உம் மூஞ்சிய நீயே ஏம்ப்பா கிழிக்கிற?" என்றார் டிரைவர்.

"வாடகைக்கு வுட்டிருந்தேன். திருப்பி எடுத்துக்கினேன்."

திரும்பும் பஸ்ஸில் செங்கல்பட்டு வரை என் கோபம் ஆறவில்லை. எங்கள் அச்சரப்பாக்கத்துச் சந்தையிலும் ஏமாற்றுகிறார்கள். சொத்தைக் கத்திரிக்காயை அடியில் போட்டு நிறுக்கிறார்கள். ஆனால் கேட்டால் திட்டு வாங்கிக்கொள்ள வேறொருவன் முகத்தைக் கடை வாசலில் மாட்டுவதில்லை. தனசேகரிடம் இதைச் சொன்னேன். அவன் மடியில் அந்த ஃபிளெக்ஸ் துண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் குப்புறத் திருப்பி வைத்தான்.